வந்தவர் மீண்டும் வருவாரா?

மளிகைக் கடைக்காரருக்கும் பல் டாக்டருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் நாம் மாதந்தோறும் போகத்தான் வேண்டும். அரிசி வாங்காமல் அடுப்பு எரியாது. பல் டாக்டரிடமோ வலி பொறுக்க முடியாமல் போகிறோம். வலி தீர்ந்த மறுநாளே அந்தத் தெருவையும் மறந்துவிடுகிறோம். அடுத்த வலி வரும்போது வேறு ஒரு பெயர்ப்பலகையைத் தேடிப் போகிறவர்களும் உண்டு.

இன்று எந்தச் சிறு பட்டணத்துக் கடைத்தெருவில் நடந்தாலும் இரண்டு மூன்று பல் கிளினிக்குகள் கண்ணில் படுகின்றன. ஒன்றில் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் மெத்தை நாற்காலியும் இருக்கும். உள்ளே ஆள் இருக்காது. இன்னொன்று மாடிப்படி ஏறிப் போக வேண்டிய பழைய கடைவீடு. வாசல் நிறையச் செருப்புகள். காரணம் என்ன? கைராசி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நம் மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கைராசியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சில சாதாரணமான செய்திகள் இருக்கின்றன. அவை டாக்டருடைய கல்லாப்பெட்டியை மட்டும் சேர்ந்தவை அல்ல. நம் வீட்டுப் பாட்டியின் உயிர் வரைக்கும் அவற்றுக்குத் தொடர்பு உண்டு என்பதால்தான் இந்தக் கட்டுரை.

டிரசரின் குறடு

பல் வைத்தியம் என்றாலே நம்மவர்களுக்கு ஏன் இந்த நடுக்கம்? பழைய கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் பல்வலி வந்தால் அந்தக் காலத்தில் கிராம்பு, உப்புத் தண்ணீர், கொய்யா இலை. அதற்கும் அடங்காவிட்டால் தோட்டத்து ஆஸ்பத்திரி. அங்கே டிரசர் இருப்பார். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பவரும் அவரே, காயத்துக்குக் கட்டுப்போடுபவரும் அவரே, பல் பிடுங்குபவரும் அவரே. அவரைக் குறை சொல்வதற்கில்லை. இத்தனை குடும்பத்துக்கும் அவர் ஒருவர்தான். பல்லைக் காப்பாற்றும் கருவிகள் அவரிடம் இல்லை, குறடு மட்டும் இருந்தது. ஆகவே பல்வலி என்றால் பல்லைப் பிடுங்குவது என்று மூன்று தலைமுறைக்குப் பாடமாகிவிட்டது. இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொள்ள, கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்த கதையை இன்றும் பெரியவர்கள் சொல்கிறார்கள். கேட்கிற பேரப்பிள்ளைகளுக்கும் பயம் தொற்றிக்கொள்கிறது.

பட்டணத்துக்குப் போனால் சீனர்களின் பல் கட்டும் கடைகள் இருந்தன. கண்ணாடிப் பெட்டியில் பல் செட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். தங்கப்பல் கட்டிக்கொண்டு வருவது அப்போது ஒரு கௌரவம். கங்காணி சிரித்தால் மின்ன வேண்டும்! அப்படிக் கடை வைத்திருந்தவர்களில் பலர் கல்லூரிக்குப் போனவர்கள் அல்லர். தகப்பனிடமோ முதலாளியிடமோ கைப்பழக்கமாகக் கற்றவர்கள். 1948-ஆம் ஆண்டில் பல் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தபோது, ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்த இத்தகையோரும் தனிப் பிரிவாகப் பதிவு பெற்றார்கள். படித்துப் பட்டம் பெற்றவர்கள் அன்று மிகச் சிலர். சிங்கப்பூரில் 1929-இல் தொடங்கிய பல் மருத்துவப் பிரிவுதான் இந்தப் பகுதிக்கே கல்விக்கூடமாக இருந்தது. மலாயாப் பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் பல் மருத்துவப் பிரிவைத் தொடங்கியதே 1972-இல்தான்.

இப்படி வளர்ந்த ஒரு மக்கள் கூட்டத்திடம் போய், "ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் டாக்டரைப் பாருங்கள்" என்று சுவரொட்டி ஒட்டினால் என்ன நடக்கும்? சுவரொட்டி மட்டும் அங்கே இருக்கும்.

பள்ளிக்கூடத்தைத் தேடி வந்த நாற்காலி

ஆனால் ஒரு கூட்டம் மட்டும் தவறாமல் பல் வைத்தியம் பார்த்துக்கொண்டது. அது நம் பிள்ளைகள்!

நியூசிலாந்தில் 1921-ஆம் ஆண்டிலேயே பெண்களுக்குப் பல் தாதியர் பயிற்சி கொடுத்துப் பள்ளிகளுக்கு அனுப்பும் முறை தொடங்கிவிட்டது. அதைப் பின்பற்றி 1949-இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கே பயின்ற பெண்கள் நாடு முழுவதும் பள்ளிகளுக்குப் போனார்கள். தூக்கிச் செல்லக்கூடிய நாற்காலி, கருவிப் பெட்டி, கொதிக்க வைக்கும் பாத்திரம் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கும் வந்தார்கள். வகுப்பில் பெயர் கூப்பிடுவார்கள். பெயர் வந்த பிள்ளையின் முகம் வெளிறும். பெயர் வராத பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும். இந்தப் பயம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். நியூசிலாந்துப் பிள்ளைகள் தங்கள் பள்ளியின் பல் சிகிச்சை அறைக்குக் 'கொலை வீடு' என்றே பெயர் வைத்திருந்தார்கள்!

பயந்தாலும் பிள்ளைகளுக்குச் சிகிச்சை நடந்தது. எப்படி? அந்தத் தாதி அடுத்த ஆண்டும் வந்தார். சென்ற ஆண்டு எந்தப் பல்லை அடைத்தோம், எது ஆட்டம் கண்டிருக்கிறது என்ற அட்டை அவர் கையில் இருந்தது. பிள்ளைக்குப் பேருந்துச் செலவு இல்லை, தகப்பனுக்குக் கூலி நட்டமில்லை, கட்டணமும் இல்லை. இன்று இவர்களைப் பல் சிகிச்சையாளர் என்று அழைக்கிறார்கள். பெயர் மாறினாலும் பள்ளி வருகை நின்றுவிடவில்லை.

நோயாளியைத் தக்கவைத்துக்கொள்வது எப்படி என்று பெரிய பெரிய புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றின் சாரம் எல்லாம் இந்தத் தாதியின் அட்டையில் இருக்கிறது என்பது என் எண்ணம். தேடிப் போனார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பழைய கணக்கை நினைவில் வைத்திருந்தார்.

பிள்ளை பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்து வெளியே வருகிறான். அன்றோடு அட்டை மூடப்படுகிறது. அதன்பின் அவனை யாரும் கூப்பிடுவதில்லை. வேலை, திருமணம், பிள்ளைகள் என்று காலம் ஓடுகிறது. முப்பது முப்பத்தைந்து வயதில் கன்னம் வீங்கிய நிலையில்தான் மறுபடியும் பல் நாற்காலியில் உட்காருகிறான். நடுவில் இருக்கும் அந்தப் பதினைந்து ஆண்டுகளை எந்த டாக்டர் பிடிக்கிறாரோ அவர்தான் கெட்டிக்காரர்.

ஒரு நாள் கூலியின் கணக்கு

"நம் ஆட்களுக்கு விழிப்புணர்ச்சி போதாது" என்று மேடையில் பேசுவது எளிது. தோட்டத்திலிருந்து பல் கிளினிக்குக்குப் போகும் ஒரு நாளின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மேடைப் பேச்சாளருக்கும் புரியும்.

விடியுமுன் பெரட்டு. மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பும்போது மதியம் தாண்டிவிடும். செம்பனைத் தோட்டமானால் குலை வெட்டி முடிய இன்னும் நேரமாகும். அரசாங்கப் பல் கிளினிக்கில் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் முன்பதிவு இல்லாமல் போகிறவர் காலையிலேயே போய் எண் எடுத்துக் காத்திருக்க வேண்டும். அப்படியானால் அன்றைக்கு வேலை இல்லை. தனியார் கிளினிக் மாலையிலும் திறந்திருக்கும்; ஆனால் பணம் வேண்டும். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இருபத்தாறு நாளாக வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். தனியாரிடம் ஒரு பல்லை அடைத்தால் பெரும்பாலும் ஒரு நாள் கூலியைத் தாண்டிவிடுகிறது. பேருந்துக்கோ வாடகைக் காருக்கோ தனி.

இந்தக் கணக்கை அறிந்த டாக்டர் என்ன செய்வார்? சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். அந்த வாரத்தின் சனி, ஞாயிறுகளில் தோட்டமே பட்டணத்துக்கு வருகிறது. சந்தைக்கும் மளிகைக்கும் நகைக்கடைத் தவணைக்கும் என்று. அந்த இரண்டு நாளும் மதியத்துக்குப் பிறகு கிளினிக்கைத் திறந்து வைத்திருப்பவருக்குக் கூட்டம் வராமல் எங்கே போகும்? ஞாயிற்றுக்கிழமை மூடிவிட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் ஈ ஓட்டிக்கொண்டு, "இந்த ஊரில் பல்லின் அருமை யாருக்கும் தெரியவில்லை" என்று வருந்துபவரையும் பார்க்கத்தான் செய்கிறோம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபின் நம் குடும்பங்களில் பெரும்பாலோர் பட்டண ஓரத்து அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டார்கள். லயம் போய் 'பிளாட்' வந்தது. கூலி நாள் கணக்கு மட்டும் கூடவே வந்தது. தொழிற்சாலையில் ஷிப்ட், பாதுகாவலர் வேலையில் பன்னிரண்டு மணி நேரம். ஆகவே மேலே சொன்னது தோட்டத்து வாசகர்களுக்கு மட்டுமானது அல்ல.

முதல் பதினைந்து நிமிடம்

ஒருவர் எப்படியோ வந்துவிட்டார். அவர் மீண்டும் வருவாரா மாட்டாரா என்பது முதல் பதினைந்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. டாக்டரின் கைத்திறன் அதற்கப்புறம்தான் தெரியும்.

வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். "ஐசி கொடுங்க, உட்காருங்க" என்று தலை நிமிராமல் சொல்லுபவர் ஒரு ரகம். "வாங்கம்மா, எந்தப் பக்கம் வலிக்குது? ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்பவர் இன்னொரு ரகம். இரண்டாவது பெண்ணுக்கு டாக்டர் எத்தனை சம்பளம் கொடுத்தாலும் தகும். டாக்டர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம். பல கிளினிக்குகளில் அப்படித்தான். நம் மக்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வலியைச் சொந்த மொழியில் சொல்ல ஒரு காது வேண்டும். சுருக்கென்று குத்துகிறதா, விண் விண் என்று தெறிக்கிறதா, தண்ணீர் பட்டால் கூசுகிறதா? இவை வேறு வேறு நோயின் அடையாளங்கள். 'சாக்கிட்' என்ற ஒரே மலாய்ச் சொல்லில் இவை எல்லாவற்றையும் அடக்கிச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்கிறார் பெரியவர். எந்தப் பல் என்பதையே டாக்டர் ஊகித்தறிய வேண்டியதாகிறது.

அடுத்தது பணம். நம்மவர்கள் விலை கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் ஏழை என்று நினைப்பார்களோ என்ற எண்ணம். வாயைத் திறந்து வேலை முடிந்தபின் தொகையைக் கேட்டு, மடியில் முடிந்து வைத்த நோட்டுகளை எண்ணிப் போதாமல் மகனைக் கூப்பிட்டனுப்பும் அவமானம் ஒன்று போதும். அந்தக் குடும்பமே அந்தப் படி ஏறாது. கருவியைக் கையில் எடுக்கு முன்பே "இதற்கு இவ்வளவு ஆகும், இன்றைக்கு இதை மட்டும் செய்தால் போதும், மற்றதை அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று சொல்லுகிற டாக்டரிடம் விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் ஜனங்கள் போகிறார்கள். இதைப் பல இடங்களில் கண்ணாரப் பார்க்கலாம்.

"வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுகிறேன்" என்பது இன்னொரு சிறு வாக்கியம். தூக்கியதும் நிறுத்தினால்தான் அதற்கு மதிப்பு. தூக்கிய கையைப் பார்த்துவிட்டு, "இதோ முடிந்தது, இதோ முடிந்தது" என்று துளைத்துக்கொண்டே போனால், நாற்பது ஆண்டுக்கு முந்திய டிரசரின் குறடு அந்த நாற்காலிக்கு வந்துவிடுகிறது.

ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "அந்த டாக்டர் ஊசி போட்டும் மரக்கவில்லை, ஆள் சரியில்லை" என்ற குறையை அடிக்கடி கேட்கிறோம். பல சமயங்களில் குற்றம் டாக்டருடையது அன்று. சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் சதை அமிலத்தன்மை அடைந்துவிடுகிறது. அந்த நிலையில் மரக்கும் மருந்து நரம்புக்குள் சரியாக இறங்குவதில்லை. அதனால்தான் சில வேளைகளில் முதலில் சீழை வடித்து, தேவையானால் மருந்தும் கொடுத்து, சில நாள் கழித்து வரச் சொல்கிறார்கள். நம் ஆட்களோ, "இரண்டு தடவை காசு பிடுங்கப் பார்க்கிறான்" என்று எண்ணிக்கொண்டு வேறிடம் போகிறார்கள். இரண்டு நிமிடம் செலவழித்துக் காரணத்தைச் சொல்லியிருந்தால் அந்த நோயாளி போயிருக்க மாட்டார்.

பல் சுத்தம் செய்வதும் இப்படியே. "காரையைச் சுரண்டினால் பல் ஆடிப்போகும், இடைவெளி விழும்" என்பது தோட்டந்தோறும் உள்ள நம்பிக்கை. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் மறுப்பது கடினம். காரை பல்லைச் சுற்றிச் சுண்ணாம்புபோல இறுகி, ஈற்றை வீங்க வைத்து, அடியில் எலும்பைக் கரைத்துவிடுகிறது. காரையை எடுத்ததும் வீக்கம் வற்றி ஈறு சுருங்கும். மறைந்திருந்த இடைவெளி வெளியே தெரியும். ஆட்டிவைத்தது சுரண்டல் அல்ல, காரைதான். இதை முன்கூட்டியே சொன்னால் நம்பிக்கை. பின்னால் சொன்னால் சமாதானம். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றும் என்பதையும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்நாட்டில் நீரிழிவு மிகுதியாக உள்ளவர்கள் நம் இந்தியர்கள்தாம்.

பாதியில் நிற்கும் வைத்தியம்

வேர்ச் சிகிச்சை என்று ஒன்று உண்டு. சொத்தை ஆழமாக இறங்கிவிட்ட பல்லைப் பிடுங்காமல், உள்ளே அழுகிய நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைத்துக் காப்பாற்றுவது. பெரும்பாலும் இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும். முதல் முறையிலேயே வலி போய்விடும். சிக்கலே அங்கேதான்!

வலி போனதும் வேலை முடிந்தது என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மேலே வைத்தது தற்காலிக அடைப்பு. சில வாரங்களில் தேய்ந்தோ உடைந்தோ போகும். எச்சில் உள்ளே இறங்கும், மறுபடி சீழ். நரம்பில்லாத பல்லுக்கு மேலே உறை போடாவிட்டால் கொட்டைப்பாக்கைக் கடிக்கும்போது பிளந்தும் போகலாம். கடைசியில் அதே பல்லைப் பிடுங்க வேண்டியதாகி, "இவ்வளவு காசு வாங்கியும் பல்லைக் காப்பாற்றவில்லை" என்ற பெயர் டாக்டருக்கு. அந்தப் பெயர் லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக ஒரு மாலைப்பொழுது போதும்.

இதைத் தடுக்கும் டாக்டர்கள் இரண்டு வேலை செய்கிறார்கள். முதல் நாளே, "வலி நாளைக்கே போய்விடும், ஆனால் பல் இன்னும் பிழைக்கவில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். கட்டணத்தையும் வருகைக்கு இவ்வளவு என்று பிரித்து வாங்குகிறார்கள். முந்தின நாள் மாலை தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ தமிழில் ஒரு நினைவூட்டல். "அக்கா, நாளைக்கு அஞ்சு மணிக்கு வரணும், மறந்துடாதீங்க." பினாங்கில் பயின்ற தாதியின் அட்டை இங்கே வேறு உருவில் வருகிறது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்ற கணக்கைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடலாம். அது எல்லாருக்கும் பொருந்தும் வேதவாக்கு அல்ல. இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டில் வெளியான அதிகாரபூர்வ வழிகாட்டியில், பெரியவர்களை அவரவர் வாயின் நிலையைப் பொறுத்து மூன்று மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு வரையுள்ள இடைவெளியில் அழைக்கலாம் என்று கூறினார்கள். நீரிழிவும் ஈறு நோயும் உள்ளவர் மூன்று மாதத்தில் வரவேண்டியிருக்கும். நல்ல பல் உள்ளவரிடம், "உங்களுக்கு ஒரு வருடம் கழித்து வந்தால் போதும்" என்று ஒரு டாக்டர் சொன்னால், அவருக்கு அப்போதைக்கு ஒரு கட்டணம் நட்டம். ஆனால் அந்த மனிதர் ஒரு வருடம் கழித்து வரும்போது மனைவி, மைத்துனி, பக்கத்து வீட்டுக்காரர் என்று நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

வெற்றிலைப் பாட்டியைத் திட்டாதீர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் பல்லும் பணமும். இனிச் சொல்லப் போவது அப்படியல்ல.

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று அறுபது வருடமாக மென்று வரும் பாட்டிகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். காட்டில் பசிக்கும் களைப்புக்கும் அதுதான் துணை. கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்குகிறவர்களும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2003-இல் கூடி ஆராய்ந்து ஒரு முடிவு சொன்னது: புகையிலை சேர்க்காவிட்டாலும் வெற்றிலைப்பாக்கு புற்றுநோயை உண்டாக்கும், பாக்கே அதற்குப் போதும். நம் நாட்டுப் பதிவேடுகளிலும் வாய்ப்புற்றுநோய் இந்தியரிடையே, அதிலும் நம் பெண்களிடையே, அதிகம். இதற்காகவே சுகாதார அமைச்சு 1990-களின் பிற்பாதியிலிருந்து பல் மருத்துவர்களைத் தோட்டங்களுக்கு அனுப்பி வாயைப் பரிசோதிக்கச் செய்தது.

இந்த நோயின் கொடுமை, ஆரம்பத்தில் வலிக்காது. கன்னத்தின் உட்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு, அல்லது வெல்வெட் துணிபோல ஒரு சிவப்புத் திட்டு, அல்லது இரண்டு வாரமாகியும் ஆறாத ஒரு புண். சிலருக்குக் கன்னம் உள்ளே பட்டையாக இறுகி, காரம் பட்டால் எரிந்து, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். நிமிர்த்தி வைத்த மூன்று விரல் வாய்க்குள் நுழைகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். நுழையாவிட்டால் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் சிறு அறுவையோடு போகும். முற்றியபின் தாடையையும் கழுத்தையும் கிழிக்க வேண்டியதாகிறது. அப்படியும் உயிர் தங்குவது நிச்சயமில்லை. வலி வந்தால் மட்டுமே டாக்டரிடம் போகும் நம் பழக்கம் வேறு நோய்களில் பல்லைத்தான் கொண்டுபோகும். இதில் ஆளையே கொண்டுபோகிறது.

இப்போது அந்தப் பாட்டி ஒரு கடைவாய்ப் பல் ஆடுகிறது என்று கிளினிக்குக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் வாயைப் பார்த்ததும், "ஐயோ, என்ன இது! இப்படிக் கறையா? வெற்றிலை போட்டால் செத்துப் போவீர்கள் தெரியுமா?" என்று சத்தம் போடுகிறார். சொன்னது உண்மைதான். பாட்டி தலையைக் குனிந்துகொண்டு பல்லைப் பிடுங்கிக்கொண்டு போவார். அதன்பின் எந்த டாக்டரிடமும் வாயைத் திறக்க மாட்டார். வெற்றிலையையும் விட மாட்டார்.

இன்னொரு டாக்டர், "பாட்டிம்மா, எத்தனை வருசமா போடுறீங்க? எந்தக் கன்னத்திலே வைப்பீங்க?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே அந்தக் கன்னத்தை விரித்துப் பார்க்கிறார். "இங்கே ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கு. இப்ப பயமில்லே. ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தடவை நான் பார்க்கணும். புகையிலையை முதல்லே குறைங்க, பாக்கையும் ஒவ்வொண்ணா விடப் பார்ப்போம். தூங்கும்போது மட்டும் வாயிலே வைக்காதீங்க, இன்னையிலேருந்து." தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி, ஒரு சிறு துண்டு எடுத்துச் சோதிக்க அனுப்புகிறார். பாட்டி மூன்று மாதம் கழித்து வருவார். சில சமயம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் வருவார்.

நோயாளியைத் தக்கவைத்துக்கொள்வது வியாபாரத் தந்திரம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு டாக்டர்களையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.

மலிவுக் கம்பி

கூட்டம் சேர்ப்பதில் இன்னொரு வகையும் இருக்கிறது. அதை நம் இளைஞர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முறையான தனியார் கிளினிக் தன் இஷ்டத்துக்கு விளம்பரம் செய்துவிட முடியாது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி பெற வேண்டும். ஆகவே அவர்களுக்கு வாய்மொழிதான் பெரிய விளம்பரம். ஆனால் அனுமதியும் படிப்பும் இல்லாதவர்களுக்குத் தடையேது? சமூக ஊடகங்களில் வண்ண வண்ணப் படம், "பல் கம்பி, ஒரே நாளில், பாதி விலையில்." ஒப்பனைக் கடையின் பின்னறையிலோ விடுதி அறையிலோ வைத்துப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள்.

2017-ஆம் ஆண்டில் மலாக்காவில் ஓர் இருபது வயதுப் பெண் இப்படிப் பிடிபட்டார். படம் பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். நீதிமன்றம் 70,000 வெள்ளி அபராதம் விதித்தது. கட்ட முடியாமல் சிறைக்குப் போனவரை, பொதுமக்கள் பணம் திரட்டிக் கொடுத்து வெளியே கொண்டுவந்தார்கள்! இரக்கம் நல்லதுதான். ஆனாலும் அந்த வேடிக்கையில் ஒரு செய்தி இருக்கிறது. மலிவாகவும் சிரித்த முகத்தோடும் செய்கிறவர் பக்கம் ஜனங்கள் நிற்கிறார்கள். வெள்ளை அங்கியின் பக்கம் அல்ல. பல் மருத்துவ உலகம் யோசிக்க வேண்டிய செய்தி அது.

கம்பி என்பது நகையல்ல. அது பல்லை எலும்புக்குள் மெல்ல நகர்த்தும் விசை. முறையாகச் செய்பவர் முதலில் எக்ஸ்ரே எடுப்பார், சொத்தையை அடைப்பார், ஈற்றைச் சரிசெய்வார். பிறகு கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி ஒன்றரை, இரண்டு ஆண்டில் முடிப்பார். தெரியாதவர் இழுத்தால் வேர் கரைந்து குட்டையாகிவிடும், நல்ல பல் ஆட்டம் காணும். கழற்றி மறுபடி சரிசெய்ய ஆகும் செலவு முதலிலேயே ஒழுங்காகச் செய்திருக்கக்கூடிய செலவைத் தாண்டும். முறையான டாக்டரிடம் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும் தொழில் சான்றிதழ் இருக்கும். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் பெயர் இருக்கும். 2018-ஆம் ஆண்டின் புதிய பல் மருத்துவச் சட்டம் 2022 முதல் நடப்பில் இருக்கிறது. சுவரில் சான்றிதழைத் தேடிப் பார்ப்பதும், இல்லாவிட்டால் கேட்பதும் மரியாதைக் குறைவு ஆகாது.

பல் செட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காசு கொடுத்துச் செய்து, இரண்டு நாள் போட்டு, ஈறு புண்ணாகிக் குவளைத் தண்ணீரில் போட்டு வைத்த செட்டுகள் எத்தனை வீட்டு அலமாரியில் கிடக்கின்றன! புதுச் செருப்பு கடிப்பதுபோல அதுவும் கடிக்கும். இரண்டு மூன்று முறை கொண்டுபோய்த் தேய்த்துச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். நல்ல கிளினிக்குகள் இதைச் செட்டின் விலையிலேயே சேர்த்துச் செய்து கொடுக்கின்றன. செய்ய ஒப்புக்கொள்ளும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பட்டணத்தில் புதிதாக ஒரு கிளினிக்குக்குப் போவதாக இருந்தால், கிளம்புமுன் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிப்பது நல்லது. பல்லைப் பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, சனி ஞாயிறு மதியத்துக்குப் பிறகு உண்டா, பணத்தைப் பிரித்துக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். பாட்டியைக் கூட்டிப் போவதானால், வாய் முழுவதும் புண், திட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை மறக்காமல் சொல்லிவையுங்கள். தமிழ் பேசுகிறவர் எந்த நாளில் வேலைக்கு இருப்பார் என்றும் கேட்டு, அந்த நாளுக்கே நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.